மீனின் உள்ளரணும் வளர்ப்போர் கடமையும்

தகடூர் எனப் பழம்பெயர் பூண்ட இத்தருமபுரியின்கண் அதியர் மரபினர் அரண் அமைத்து ஆண்டதும், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையொடு வந்து அவ்வரணை முற்றி வென்றதும் பழந்தமிழ் நூல்களால் நாம் அறிந்தவையாகும். அரண் என்பது மதில் மட்டுமன்று. மதிலும், மதிலின்மேல் நிற்கும் மறவரும், அம்மறவர்க்கு வேண்டும் உணவும் நீரும் ஊக்கமும் ஒருங்கு கூடியதே அரண். இவற்றுள் ஒன்று குறையினும் கோட்டை நில்லாது. இவ்வுண்மை மன்னர் கோட்டைக்கேயன்றி உயிருள்ள ஒவ்வோர் உடம்பிற்கும் பொருந்தும். நம் ஏரிகளிலும் பண்ணைக்குட்டைகளிலும் வளர்க்கப்படும் மீனின் உடம்பும் அத்தகையதோர் அரணேயாம். அவ்வரணை ஒட்டுண்ணிகள் முற்றுகையிடுங்கால் மீன் எவ்வாறு போர் புரிகின்றது, அப்போரில் அது தோற்பது யாரால் என்பவற்றை ஆராய்ந்து எம் கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனைப்பற்றிப் பேச மேட்டுநிலத்தார்க்கு என்ன உரிமை உண்டென்று கடற்கரை நண்பர் சிலர் நகைக்கலாம். கடல் நமக்குச் சேய்மையில் உள்ளது என்பது மெய்யே. ஆயினும் காவிரி தமிழகத்துள் அடியெடுத்து வைக்கும் ஒகேனக்கல் நம் மாவட்டத்தது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூரில் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் நீர்த்தேக்கம் நிரம்புங்கால், அதன் நீர் ஒகேனக்கல் வரை பின்னேறி நிற்கும். அருவியைக் காண வருவோர் அங்குள்ள பெண்டிர் பொரித்துத் தரும் மீனை உண்ணாது திரும்புதல் அரிது. இவையன்றிப் பஞ்சப்பள்ளிச் சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு முதலிய அணைகளும், மழையை நோக்கி வாழும் ஏரிகள் பலவும், அண்மைக் காலத்தில் உழவர் தம் நிலத்திலேயே வெட்டிக்கொண்ட பண்ணைக்குட்டைகளும் நமக்கு உள. வானம் பொய்த்துப் பயிர் கைவிடும் ஆண்டுகளில், எஞ்சி நிற்கும் நீரில் வளரும் மீனே சில குடும்பங்கட்குக் கைப்பொருளாகின்றது.

இந்நீர்நிலைகளில் இன்று பெரும்பாலும் விடப்படுவன கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டை வகைகள். இவை காவிரியின் பழங்குடிகள் அல்ல. கங்கை முதலிய வடநாட்டுப் பேராறுகளுக்கு உரியவை. தேங்கிய குளத்தில் இவை தாமாக முட்டையிடா. 1957-ஆம் ஆண்டில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்யும் வழியைக் கண்டனர். அதன் பின்னரே குஞ்சுகள் வேண்டியாங்குக் கிடைக்கலாயின. இன்று விரலளவுக் குஞ்சுகள் பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பைகளில் ஓரூர்ப் பண்ணையிலிருந்து மற்றோரூர் ஏரிக்குப் பயணம் செய்கின்றன. குஞ்சோடு குஞ்சாக, அழையா விருந்தினராகிய ஒட்டுண்ணிகளும் உடன் செல்லக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

சென்ற தை மாதத்தில் எம் மாணவர் சிலருடன் பாலக்கோட்டுப் பக்கத்து ஏரியொன்றிற்குச் சென்றிருந்தோம். அதனைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதியவர் வலையில் அகப்பட்ட ரோகு மீன் ஒன்றை எம் கையில் தந்தார். அதன் செதில்களின்மேலும் துடுப்புகளின் அடியிலும், பாசிப்பயற்றினும் சிறிய கண்ணாடி போன்ற தட்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவை இருந்த இடமெல்லாம் செந்நிறப் புள்ளிகள். "பேன் விழுந்துவிட்டது, ஐயா. பத்து நாளாக மீன் தீனிக்கு வருவதில்லை. கல்லிலும் கட்டையிலும் உடம்பை உரசிக்கொண்டு துள்ளுகிறது" என்றார் அவர். அவர் காலடியில் தக்காளிச் செடிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அதனை ஏரியில் ஊற்றலாமா என்பதே அவர் எம்மைக் கேட்ட வினா. அவர் கடன்பட்டுக் குஞ்சு விட்டவர். பங்குனிக்குள் மீனை விற்றுக் கடனை அடைக்க எண்ணியிருந்தவர். "ஊற்ற வேண்டா, பெரியவரே, சில நாள் பொறுங்கள்" என்று மட்டும் அன்று யாம் கூறினோம். அவ்வாறு கூறியதற்குக் காரணம் யாது என்று எம் மாணவர் வழியிலேயே வினவினர். அவ்வினாவுக்கு நூல்களைப் புரட்டியும் அறிந்தாரைக் கேட்டும் யாம் தெளிந்த விடையையே இங்கு எழுதுகின்றோம்.

மீனின் முதலரண் அதன் மேனியிலுள்ள வழுவழுப்பாகும். கையிற் பிடித்த மீன் நழுவுதற்கு அவ்வழுவழுப்பே காரணம் என்ற அளவில் நாம் அதனை அறிவோம். அதன் பயன் அவ்வளவில் நிற்பதன்று. தோலிலுள்ள சுரப்பணுக்கள் இச்சளியை இடைவிடாது சுரந்து, பழையதைக் கழித்துப் புதியதைப் போர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆதலின் அதன்மேல் வந்து தங்கும் நுண்ணுயிர் பல, காலூன்றுமுன்னரே நீரோடு கழுவப்பட்டு விடுகின்றன. கழுவப்படாது எஞ்சியவற்றைத் தாக்குதற்கு அச்சளியினுள்ளேயே லைசோசைம் முதலிய பொருள்கள் கலந்துள்ளன. இவை சிலவகை நுண்ணுயிர்களின் மேலுறையைக் கரைக்கும் ஆற்றல் உடையன. வலையால் உரசியும், உலர்ந்த கையாற் பற்றியும், கூடையில் திணித்தும் நாம் இச்சளியைத் துடைத்தெடுக்கும்போது, பகைவன் வருமுன்னரே மதிலை நாமே இடித்து வைக்கின்றோம்.

மதிலைக் கடந்த பகைவனை எதிர்கொள்ள உள்ளே படை உண்டு. உருசிய நாட்டிற் பிறந்த மெச்னிகாவ் என்னும் அறிஞர், சிற்றுயிர்களின் உடம்பில் அலைந்து திரியும் சில அணுக்கள் அயற்பொருளைச் சூழ்ந்து விழுங்குவதை 1880-களில் கண்டு, நோயை எதிர்ப்பதில் அவற்றிற்குள்ள பங்கினை உலகிற்கு எடுத்துரைத்தார். அதன்பொருட்டு 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். அத்தகைய விழுங்கணுக்கள் மீனின் குருதியிலும் உள. நமக்குக் குருதியணுக்கள் எலும்பின் உள்ளிருக்கும் மஞ்சையில் தோன்றுகின்றன. மீனுக்கோ அதன் சிறுநீரகத்தின் முற்பகுதியே அவ்வணுக்கள் பிறக்கும் பாசறையாகும். மண்ணீரல் அதற்குத் துணை. மேலும், குருதியில் ஒருவகைப் புரதப்பொருள்களின் தொகுதி உண்டு. வந்தவன் இன்னான் என்று முன்னறியாமலே அவன் மேலுறையைத் துளைக்கவும், விழுங்கணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கவும் அவை வல்லன. புண்பட்ட இடத்தில் மீனின் தோல் சிவப்பதும் தடிப்பதும் இப்படையெடுப்பின் அடையாளங்களே.

இவ்விரண்டும் பிறவியில் அமைந்தவை. மூன்றாவதொன்று உண்டு, அது கற்றுப் பெறுவது. ஒருமுறை வந்த பகைவனை நினைவிற்கொண்டு, மறுமுறை வருங்கால் அவனுக்கென்றே வடித்த படைக்கலத்தால் தாக்குவது அது. அப்படைக்கலத்திற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஓரணுவுயிர் மீனின் தோலுள் புகுந்து, உண்டு பருத்து, பின்பு வெளியேறி நீரடியில் தங்கி, நூற்றுக்கணக்கான சிற்றுயிர்களாகப் பிரிந்து மீண்டும் மீனைத் தேடி வரும். இந்நோயினின்று பிழைத்த மீன் மறுமுறை அதற்கு எளிதில் ஆட்படுவதில்லை என்பதைப் புஷ்கீல் என்னும் செருமானிய அறிஞர் 1910-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிற்காலத்தார் அதன் காரணத்தையும் கண்டனர். பிழைத்த மீனின் சளியிலுள்ள எதிர்ப்பொருள், அவ்வுயிரின் மேலுள்ள மயிர்போன்ற இழைகளைப் பற்றிக்கொள்கின்றது. பற்றப்பட்ட உயிர் தோலினுள் தங்க மாட்டாது வெளியேறி ஓடுகின்றது. மீனினத்திற்கே உரிய புதியதோர் எதிர்ப்பொருள் வகை 2005-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. குடலில் ஒட்டுண்ணி புகுந்த டிரௌட் மீன்களின் குடற்சளியில் அஃது மிகுந்து தோன்றுவதை 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் காட்டினர். மீனை அறிவற்ற ஊமையுயிர் என்று இகழ்வார், அதன் உடம்பு கற்கும் கல்வியை அறியாதவரே ஆவர்.

இத்துணைச் சிறந்த அரண் இருந்தும் மீன் தோற்பானேன் எனின், அவ்வரணுக்குரிய ஒரு வரம்பை முதற்கண் உணர்தல் வேண்டும். நம் உடம்பு மாரியிலும் கோடையிலும் ஏறத்தாழ ஒரே வெம்மையுடையது. மீனின் உடம்போ தன்னைச் சூழ்ந்த நீரின் வெம்மையையே தன் வெம்மையாகக் கொண்டது. நீர் குளிருங்கால் அதன் படையும் சோர்கின்றது. எதிர்ப்பொருள் உண்டாதற்கு வேண்டும் காலம் நீள்கின்றது. 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்கில் புகுந்து, பின்னர்த் தெற்கேயும் பரவி, விரால் முதலிய மீன்களின் தசையைத் துளைத்த புண்நோயை மீன்பிடிப்போருள் முதியோர் மறந்திரார். அது பூஞ்சை போன்றதோர் ஒட்டுண்ணியால் வருவது; குளிர்ந்த மாதங்களிலேயே மிகுதியாகத் தாக்குவது. ஊடுருவும் இழைகளைச் சுற்றி மீனின் உடம்பு தன் அணுக்களாலேயே சுவரெழுப்பி அடைக்க முயல்கின்றது. நீர் குளிர்ந்திருப்பின், அச்சுவர் முற்றுப்பெறுமுன் இழை முன்னேறிவிடுகின்றது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் மிகும் நம் மேட்டுநிலத்தார்க்கு இவ்வுண்மை பெரிதும் கருதத்தக்கது.

இனி, முதியவரின் ஏரியிற் கண்ட பேனுக்கு வருவோம். பெயர் பேனாயினும் அது பூச்சியினத்ததன்று. இறால், நண்டு இவற்றின் உறவினது. அறிவியலார் இதனை ஆர்குலஸ் என்பர். நம் நாட்டுக் கெண்டைக் குளங்களில் மிகுதியாகக் காணப்படும் இனம் சயாம் நாட்டின் பெயரைத் தாங்கியது. தட்டையான உடம்பின் அடியில் உறிஞ்சு குழிகள் இரண்டு உள. அவற்றால் மீனைப் பற்றிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி, நச்சுநீரைச் செலுத்தி, குருதியையும் உடற்சாற்றையும் உண்ணும். ஒரு மீனிலேயே நிலைத்துத் தங்காது, நீந்திச் சென்று மற்றொரு மீனையும் பற்றும். பெண்பேன் மீனை விட்டு நீங்கிக் கல், கட்டை, செடித்தண்டு முதலியவற்றின்மேல் வரிசையாக முட்டையிட்டு ஒட்டிவைக்கும். நம் நாட்டுக் கெண்டைக் குளங்களில் இப்பேனால் விளையும் இழப்பு ஓர் எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 29,500 ரூபாய் என்று 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஏழைக் குத்தகைக்காரருக்கு இத்தொகை சிறிதன்று.

புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நடுவண் ஆராய்ச்சி நிலையத்தார், ரோகு மீன்களை இப்பேனுக்கு ஆட்படுத்தி அவற்றின் குருதியை ஆராய்ந்துள்ளனர். பேன் மிகுந்த மீன்களில் பிறவியெதிர்ப்பின் சில கூறுகள் தாழ்ந்துவிடுவதை அவர்கள் கண்டனர். குருதியை உண்பதோடு அமையாது, காவலரையும் பேன் மயக்குகின்றது போலும். இதனினும் கொடியது யாதெனின், பேன் குத்திய துளைகளே பிற நோய்களுக்கு வாயிலாகிவிடுதல். பின்லாந்து நாட்டில் 2006-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், டிரௌட் மீன்களுட் சிலவற்றிற்குப் பேனை மட்டும், சிலவற்றிற்கு நோய்நுண்ணுயிரை மட்டும், சிலவற்றிற்கு இரண்டையும் ஒருங்கே தந்து பார்த்தனர். இரண்டையும் ஒருங்கே பெற்ற மீன்களே மிகுதியாகவும் விரைவாகவும் மடிந்தன. ஆகவே பேன் ஒருகால் தனியே கொல்லாவிடினும், கொல்லவரும் பிற பகைவர்க்குக் கதவு திறந்துவிடும் என்பது தெளிவு.

இவ்விடத்தில் எம் கருத்திற்கு அடிப்படையான சான்றொன்றைக் கூற விரும்புகின்றோம். குளிர்நாட்டுக் கடல்களில் வளர்க்கப்படும் சால்மன் மீன்களுக்கும் ஒருவகைக் கடற்பேன் உண்டு. அப்பேன் அட்லாண்டிக் சால்மனைப் பற்றினால், அதன் தோல் பெரிதும் எதிர்ப்புக் காட்டாது. அதே பேன் கோஹோ என்னும் மற்றொரு சால்மன் இனத்தைப் பற்றினால், பற்றிய இடத்தில் தோல் விரைந்து தடித்து, வெள்ளணுக்கள் திரண்டு, சில நாட்களிலேயே பேனை உதிர்த்துவிடும். பகைவன் ஒருவனே; அரண்களோ இரண்டு. 1992-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் இருவர் இக்கோஹோ மீனின் உடம்பில் கார்ட்டிசால் என்னும் பொருளை வைத்துச் சோதித்தனர். அச்சமும் நெருக்கமும் துன்பமும் உற்ற வேளைகளில் மீனின் உடம்பிலேயே சுரப்பது இக்கார்ட்டிசால். அதனைப் பெற்ற கோஹோவின் தோல் தடிக்கவில்லை, வெள்ளணுக்கள் திரளவில்லை, பேன்கள் உதிராது நிலைத்தன. இயற்கையில் வெல்லும் மீனையும், துன்பத்தின் சுரப்பு தோற்கச் செய்துவிட்டது.

இச்சோதனையை நம் ஏரிக்கரையில் வைத்து எண்ணிப் பாருங்கள். அறிஞர் சோதனைக்காக மீனின் உடம்பில் வைத்த அதே பொருளை, நாம் அறியாமையால் நாள்தோறும் நம் மீன்களின் உடம்பில் சுரக்கச் செய்கின்றோம். ஓர் எக்டேர் நீர்ப்பரப்பிற்கு 5,000 முதல் 10,000 வரை விரலளவுக் குஞ்சுகள் போதும் என்று அறிந்தோர் கூறுவர். மிகுதியாக விட்டால் மிகுதியாக விளையும் என்னும் ஆசையால் அதனினும் பன்மடங்கு விடுவார் உளர். கோடையில் ஏரி சுருங்கிக் கால்பங்கு ஆகும்போதும் மீனின் தொகையைக் குறைப்பதில்லை. தீனியை அள்ளிக் கொட்டுவதும், எரு மிகுதியால் நீர் பசும்பாகு போல் ஆவதும், விடியற்காலத்தில் பிராணவாயு குன்றி மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் நாம் காண்பனவே. அடியிற் படிந்த கழிவினின்று எழும் அம்மோனியா செவுள்களை எரிக்கின்றது. இவையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து மீனின் படையைச் சோர்விக்கின்றன. நெருக்கமோ பேனுக்குப் பெருவிருந்து. ஒரு மீனை விட்டு மற்றொரு மீனைத் தேட அதற்கு நெடுவழி நீந்த வேண்டுவதில்லை. கோட்டைக்குள்ளிருப்போரைப் பட்டினியாலும் நெருக்கத்தாலும் வாட்டிவிட்டு, பகைவன் வென்றான் என்று பகைவனைமட்டும் பழிப்பது முறையாகுமோ?

பூச்சிமருந்தை ஊற்றினால் பேன் சாகாதோ எனின், ஒருகால் சாகலாம். ஆயின் அதனோடு சாவன யாவை என்றும் எண்ணுதல் வேண்டும். செடிக்குத் தெளிக்கும் மருந்துகளுட் பல, மீனுக்கு மிகக் கொடிய நஞ்சாகும். அளவு சிறிது மிகினும் பேனுக்குமுன் மீன் மிதக்கும். பேனுக்கு உறவான, நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களும் அழியும். அவையோ கட்லாவின் இயற்கை உணவு. ஏரிநீரை மாடும் ஆடும் குடிக்கின்றன. ஊர்ப்பெண்டிர் துணி துவைக்கின்றனர். அந்நீரே வயலுக்கும் பாய்கின்றது. கற்களில் ஒட்டிய முட்டைகளோ பெரும்பாலும் மருந்திற்குத் தப்பி, பின்னர்ப் பொரிந்து வெளிவரும். ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் இட்டால் என் நிகழும் என்பதற்கு நார்வே முதலிய நாடுகளின் சால்மன் பண்ணைகளே சான்று. அங்குக் கடற்பேன் மருந்துக்குப் பழகி அதனைப் பொருட்படுத்தாத நிலையை அடைந்தது. பண்ணையார் இன்று பேனைத் தின்னும் சிறுமீன்களைத் துணைக்கு விட்டும் வேறு வழிகளைத் தேடியும் அல்லலுறுகின்றனர். பெரும்பொருள் படைத்த நாட்டாரே இவ்வாறு இடர்ப்படின், நம் குத்தகைக்காரர் ஒரு புட்டியைக்கொண்டு வெல்லுதல் எங்ஙனம்?

மருந்தே வேண்டாவென்று யாம் கூறுகின்றோம் அல்லோம். நன்கு பேணிய மீனுக்கும் பேன் வருதல் உண்டு; நோய் முற்றிய இடத்துத் தக்க மருந்தை, மீன்வளத்துறையினர் வகுத்த அளவில், அவர் மேற்பார்வையில் இடுதல் வேண்டுவதே. புவனேசுவரத்து நிலையத்தார் இப்பேனுக்கெதிராகத் தடுப்பு மருந்தொன்றை உருவாக்கியுள்ளதாக அறிவித்துள்ளனர், அது நற்செய்தி. ஆயினும் தடுப்பு மருந்தின் இயல்பை உணர்வோர் ஒன்றை மறவார். தடுப்பு மருந்து தானே போர் செய்வதன்று. பகைவனின் அடையாளத்தை மீனின் படைக்குக் கற்பிக்கும் ஆசிரியன் அது. பசித்து வாடி, நெருக்குண்டு, மூச்சுத் திணறும் மாணவனுக்கு எத்துணைச் சிறந்த ஆசிரியன் கற்பித்தும் பயன் யாது? அரண் உறுதியாயிருப்பின் மருந்தும் துணைசெய்யும். அரண் இடிந்திருப்பின் மருந்தும் வீணாம். இதுவே யாம் வற்புறுத்திக் கூற விழைவது.

ஆகவே மீன்வளர்ப்போர் கடமை யாது? குஞ்சுகளை வாங்கியவுடன் ஏரியில் கொட்டாது, சிலவற்றை எடுத்து உடம்பையும் செவுளையும் உற்றுநோக்குதல் வேண்டும். சிறு தொட்டியில் அல்லது தனிக்குட்டையில் சில நாள் வைத்துப் பார்த்தல் நலம். பையிலுள்ள நீரும் குளத்து நீரும் வெம்மையால் ஒத்த பின்னரே மெல்ல விடுதல் வேண்டும். அளவறிந்து விடுதலும், நீர் சுருங்கச் சுருங்க வளர்ந்த மீன்களைப் பிடித்து விற்று நெருக்கத்தைக் குறைத்தலும், தின்னும் அளவே தீனியிடுதலும் இன்றியமையாதன. ஏரி வற்றும் காலத்தில் அடிநிலத்தை வெயிலிற் காயவிட்டுச் சுண்ணாம்பிடுவதால், தங்கியிருக்கும் முட்டைகளும் நோய்வித்துகளும் பெரிதும் அழியும். பேன் தோன்றின், மூங்கிற் பிளாச்சுகளை நீரில் நட்டு வைக்கலாம். பெண்பேன்கள் அவற்றின்மேல் முட்டையிடும். பத்து நாளுக்கொரு முறை அவற்றை வெளியிலெடுத்து முட்டைகளைச் சுரண்டிவிட்டு, நல்வெயிலிற் காயவைத்து மீண்டும் நடலாம். பொருட்செலவு மிகுதியாக வேண்டாத இம்முறை, வேதியியல் நஞ்சு எதனையும் நீரிற் கலவாது.

பதினைந்து நாள் கழித்து யாம் மீண்டும் அம்முதியவரிடம் சென்று இவற்றைக் கூறினோம். அவர் அதுவரை புட்டியைத் திறவாது பொறுத்திருந்தார். எம் மாணவரும் அவர் மக்களும் சேர்ந்து மூங்கிற் பிளாச்சுகளை நட்டனர். வளர்ந்த மீன்களுட் பாதிக்குமேல் பிடித்து விற்றார். உரிய காலத்திற்கு முன்னரே விற்றமையால் அவர் எண்ணிய விலை கிட்டவில்லை. கடனில் ஒரு பகுதி நின்றுவிட்டது. மாசி இறுதியில் சென்று வலைவீசிப் பார்த்தபோது பேன் அடியோடு ஒழியவில்லையாயினும் பெரிதும் குறைந்திருந்தது. எஞ்சிய மீன் தீனிக்கு வந்தது. பிளாச்சின் எந்த அளவும், நெருக்கம் தீர்ந்ததன் எந்த அளவும், வெயில் ஏறியதன் எந்த அளவும் அதற்குக் காரணம் என்று பிரித்துக் கூற எம்மால் இயலாது. ஒன்றுமட்டும் கூறுவோம்: ஏரிநீரை அவ்வூர் மாடுகள் அன்றும் அச்சமின்றிக் குடித்தன.

இறுதியாக நம் கல்லூரியைக் குறித்து ஒரு சொல். நம் சோதனைச்சாலையில் நுண்பெருக்கிக் கண்ணாடிகள் அலமாரியினுள் உறங்குகின்றன. தேர்வுக்காகத் தவளையையும் கரப்பானையும் பற்றிப் படித்த மாணவர், தம் ஊர் ஏரியின் மீனை ஒருமுறையேனும் அக்கண்ணாடியின்கீழ் வைத்துக் கண்டதில்லை. 2004-ஆம் ஆண்டு வரை நம் மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த கிருஷ்ணகிரியின் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று உள்ளது. அறிவுரை வேண்டுவோர்க்கு அது தொலைவன்று. ஆயினும் ஏரிக்கரை முதியவருக்கும் அந்நிலையத்திற்கும் இடையே பாலமாக நிற்கத்தக்கவர் படித்த இளைஞரே. மாதம் ஒருமுறை ஓரேரி என்று மாணவர் குழுவாகச் சென்று, பத்து மீன்களைப் பிடித்துப் பார்த்து, பேன் எத்துணை, புண் எத்துணை, நீரின் வெம்மை எத்துணை என்று குறித்து வைப்பின், சில ஆண்டுகளில் நம் மாவட்டத்து மீன்நோய் வரலாறு நம் கையிலேயே இருக்கும். நோய் வருமுன் கூறவும் அதனால் இயலும். கலிலேயாக் கடலோரத்து மீன்பிடிப்போரையே தம் முதல் மாணாக்கராக அழைத்தவரின் பெயரால் நடைபெறும் கல்லூரிக்கு, மீன்வளர்ப்போர் வாழ்வு அயற்பொருளாதல் எங்ஙனம்?

மீனுக்கு இறைவன் அளித்த அரண் சிறியதன்று. பன்னூறாயிரம் தலைமுறைகளாகப் பகைவரோடு பொருது பழகியது அது. அதற்குப் புதிய மதில் கட்டித்தர நம்மால் இயலாமற் போகலாம். இருக்கும் மதிலை இடியாதிருத்தல் நம்மால் இயலும். அதனைச் செய்வோமாக.